புறம்போக்கு!

“போடா புறம்போக்கு!” தேநீர்க் கடையிலும் ஆலை வாயிலிலும் நாம் அன்றாடம் கேட்கும் வசவு. உதவாக்கரை என்று பொருளாம்!

உண்மைப் பொருள் என்ன, தோழர்களே? ஏரி, குளம், மேய்ச்சல்வெளி, சுடுகாடு என ஊருக்கெல்லாம் பொதுவான நிலம். தனியாளுக்குப் பட்டா இல்லை, தீர்வையும் இல்லை. வரி தராத நிலம் சர்க்கார் கணக்கிலே வீண்! அந்தக் கணக்கன்றோ நம் நாவிலே வசவாயிற்று?

விளைவு? எண்ணூர்க் கழிமுகத்திலே அனல்மின் நிலையச் சாம்பல் படிந்தது. மீனவர் பிழைப்பிலே மண் விழுந்தது. 2017இல் பாடகர் டி.எம்.கிருஷ்ணா அங்கே நின்று, அந்த வசவையே பெருமையாக்கிப் பாடினார்.

பொதுச்சொத்தின் பெயரை ஏச்சாக்கும் வாய், அதைப் பறிப்பவனுக்கு வழிவிடும் வாய். சொல்லை மீட்போம், நிலத்தைக் காப்போம்!