தேரோடிய தெருவும் நம் தெருவும்

திருவாரூர்த் தெருவில் ஒரு கன்று தேர்க்காலில் சிக்கி மாண்ட செய்தியைத் தமிழர் மறந்ததில்லை. பாண்டியன் அவையில் தன் ஊரைச் சொல்ல வந்த கண்ணகி வாயிலாகச் சிலப்பதிகாரம் அதனை நினைவுகூர்கிறது. பெரியபுராணம் அதனை விரித்துரைக்கிறது. நீதி தவறாத மன்னனுக்கு எடுத்துக்காட்டாகவே நாம் இக்கதையை வகுப்பறையில் நடத்தி வருகிறோம். ஒரு சாலை விபத்தின் கதையாகவும் இதனைப் படிக்க இடமுண்டு என்பது என் எண்ணம்.

இளவரசன் தீயவன் அல்லன். கொல்லும் எண்ணத்தோடு தேரைச் செலுத்தியவனும் அல்லன். கன்றுதான் துள்ளி வந்து சக்கரத்தினிடையே புகுந்தது. கழுவாய் தேடினால் போதும் என்றனர் அமைச்சர். மன்னன் அதனை ஏற்கவில்லை. "அதுதான் குறுக்கே வந்தது" என்னும் விடை, கன்றை இழந்த பசுவின் கண்ணீருக்கு மறுமொழி ஆகாது.

இந்த விடையை நானும் ஒருமுறை நேரில் கேட்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை நண்பகல். ஜும்ஆ முடிந்து மக்கள் பள்ளிவாசலிலிருந்து வெளியேறும் வேளை. என் மாணவர் ஒருவர் ஓட்டி வந்த இருசக்கர வாகனம், தெருவைக் கடந்த முதியவர் ஒருவர்மீது மோதியது. முதியவரின் இடுப்பெலும்பு முறிந்தது. இரு வீடுகளுக்கும் நான் சென்றேன். "திடீரென்று குறுக்கே வந்துவிட்டார், ஐயா" என்று அம்மாணவர் தேம்பினார். அவர் பொய் சொல்லவில்லை. நன்றாகப் படிப்பவர், பெரியவர்களிடம் பணிவுடையவர். ஆயினும் அன்றோடு அம்முதியவர் பள்ளிவாசலுக்கு நடந்து வருவது நின்றுபோயிற்று. நல்லவர் கையிலும் வேகம் தீங்கே செய்கிறது என்பதை அன்று உணர்ந்தேன்.

வேகத்தைப் பற்றி இயற்பியல் கூறும் உண்மை எளியது. வேகம் இருமடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர், ஆபத்தைக் கண்டு தடையை அழுத்த ஒரு நொடி எடுத்துக்கொண்டால், அதற்குள் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடுவார். நல்ல உலர்ந்த சாலையிலும் ஊர்தி முழுமையாக நிற்க மொத்தம் 36 மீட்டர் அளவு தேவைப்படும். 30 கிலோமீட்டர் வேகத்திலோ 13 மீட்டரில் நின்றுவிடலாம். 20 மீட்டர் தொலைவில் ஒரு குழந்தை பந்தைத் துரத்தி ஓடி வருவதாகக் கொள்ளுங்கள். மெல்ல வந்தவர் குழந்தைக்கு முன்னரே நிற்கிறார். விரைந்து வந்தவரோ தடையை அழுத்திய பின்னும் குழந்தையின்மீது மோதுகிறார். இருவர் ஓட்டும் திறனும் ஒன்றே; வேறுபாடு வேகத்தில் மட்டுமே.

நாட்டின் கணக்கும் இதையே சொல்கிறது. மத்திய அரசின் அறிக்கைப்படி 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டவர் 1,68,491 பேர். அவ்விறப்புகளில் 71 விழுக்காட்டிற்கு மேல் அதிவேகத்தால் நேர்ந்தவை. அவ்வாண்டில் மாநிலங்களுள் மிகுதியான விபத்துகள் பதிவானது தமிழகத்தில்தான். 64,105 விபத்துகளில் 17,884 உயிர்கள் மறைந்தன. இவை எண்கள் மட்டுமல்ல. ஒவ்வொன்றின் பின்னும் ஒரு வீட்டு வாசல் இருக்கிறது.

இதற்குத் தீர்வு கண்ட நகரங்கள் உள்ளன. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரம் 1992ஆம் ஆண்டில் முதன்மைச் சாலைகள் நீங்கலாக ஏனைய தெருக்கள் அனைத்திற்கும் மணிக்கு 30 கிலோமீட்டர் என்ற வரம்பை விதித்தது. தொடக்கத்தில் எதிர்ப்பு வலுவாக இருந்தது. பயனைக் கண்ட பின் ஆதரவு பெருகியது. பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கி தன் குடியிருப்புத் தெருக்களில் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்தது. 2019ஆம் ஆண்டு முழுவதும் அந்நகரில் நடந்து சென்ற ஒருவர்கூட ஊர்தி மோதி இறக்கவில்லை. நம் சென்னையிலும் 2023 நவம்பரில், குடியிருப்புப் பகுதிகளில் எல்லா ஊர்திகளுக்கும் 30 கிலோமீட்டரே உச்ச வேகம் எனப் போக்குவரத்துக் காவல்துறை அறிவித்தது.

எதிர்ப்போரின் வாதத்தையும் புறந்தள்ளக் கூடாது. 2023 செப்டம்பரில் வேல்ஸ் நாடு, ஊர்ப்புறத் தெருக்களின் பொது வரம்பை மணிக்கு 30 மைலிலிருந்து 20 மைலாகக் குறைத்தது. 4 இலட்சத்து 60 ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் அதை எதிர்த்து மனுவில் ஒப்பமிட்டனர். அடுத்த ஆண்டிலேயே, பொருந்தாத சில சாலைகளைப் பழைய வரம்பிற்கு மாற்ற அரசு இசைந்தது. இதிலிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்றுண்டு: ஊரைக் கடக்கும் நெடுஞ்சாலை வேறு, ஊரார் வாழும் தெரு வேறு. இரண்டையும் ஒரே கோலால் அளந்தால் மக்கள் மனம் ஒப்பாது.

"நேரம் வீணாகிறதே" என்று வணிகர் சிலர் கூறுவர். கணக்கிட்டுப் பார்ப்போம். இரண்டு கிலோமீட்டர் தூரத்தைத் தடையின்றி 50 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 2 நிமிடம் 24 நொடி ஆகும். 30 கிலோமீட்டர் வேகத்தில் 4 நிமிடம் ஆகும். இழப்பது ஒன்றரை நிமிடத்திற்குச் சற்றே மிகுதி. தேநீர் ஆறுவதற்குக் கூட நாம் அதைவிட நெடுநேரம் காத்திருக்கிறோம். மேலும், கடைத்தெருவில் மெல்லச் செல்பவரே கடையைக் காண்கிறார்; விரைந்து செல்பவர் புழுதியை மட்டுமே விட்டுச் செல்கிறார்.

"பலகை நட்டால் போதுமா, யார் மதிப்பர்?" என்னும் ஐயம் நியாயமானது. பலகை மட்டும் போதாது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 112ஆம் பிரிவில், பொதுமக்கள் பாதுகாப்பிற்காகக் குறிப்பிட்ட இடங்களில் வேகத்தைக் குறைக்க மாநில அரசிற்கும் அது அதிகாரமளித்தவர்க்கும் உரிமை தந்துள்ளது. அவ்வாறு முறைப்படி அறிவித்த வரம்பே சட்டத்தின்முன் நிற்கும். அதனோடு, பள்ளி வாசல்களில் மக்கள் கடப்பதற்கு உயர்த்திய மேடைகளும், வண்ணம் பூசி விளக்கிட்ட வேகத்தடைகளும் வேண்டும். ஆளுக்கொரு மேடாகத் தம் வீட்டு வாசலில் மண்ணைக் குவிப்பது தீர்வாகாது. இருளில் அதுவே இன்னொரு விபத்திற்கு வித்தாகும்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். பதினெட்டு நிறையாத மகனிடம் வண்டிச் சாவியைத் தருவது பாசமன்று. சிறுவர் ஓட்டி விபத்து நேர்ந்தால் பெற்றோர்க்கு 3 ஆண்டுகள் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு என 2019ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் கூறுகிறது. சட்டத்திற்கு அஞ்சி அன்றி, பிள்ளையின் உயிருக்கு அஞ்சியேனும் அச்சாவியைப் பூட்டி வையுங்கள்.

பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்னும் நபிமொழியை நம் ஊர்ப் பெரியவர்கள் நன்கறிவார்கள். முள்ளும் கல்லும் மட்டுமா இடையூறு? முதியவரை வாசற்படியிலேயே நிறுத்திவிடும் வேகமும் இடையூறன்றோ? ஆகவே ஜமாஅத் பெரியோரும் வணிகர் சங்கத்தாரும் கல்லூரியும் ஒன்றுகூடி, நெடுஞ்சாலை நீங்கலாக நம் ஊர்த் தெருக்கள் அனைத்திற்கும் மணிக்கு 30 கிலோமீட்டர் வரம்பு வேண்டுமென மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும். கோயில் வீதியும் தேவாலயச் சாலையும் பள்ளிவாசல் தெருவும் அவ்விண்ணப்பத்தில் ஒன்றாக இடம்பெற வேண்டும்.

மனுநீதிச் சோழனின் சிலை சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் நிற்கிறது. அந்நீதிமன்றமே 2021ஆம் ஆண்டில், ஊர்திகளின் உச்ச வேகத்தை உயர்த்திய மத்திய அரசின் 2018ஆம் ஆண்டு அறிவிக்கையைச் செல்லாதென்றது. நீதி தன் பங்கைச் செய்யும். ஆனால் பசு வந்து மணியை அசைத்த பின் வழங்கும் நீதியைவிட, கன்று சாகாதிருக்கத் தேரை மெல்லச் செலுத்துவது மேலானது.

மாணவச் செல்வங்களே! நாளை காலை கல்லூரிக்கு வரும்போது நம் தெருவில் உங்கள் வண்டி மெல்ல வரட்டும். விண்ணப்பம் ஆட்சியரைச் சென்றடையும் முன்னரே நீங்கள் நிறைவேற்றக்கூடிய சட்டம் அது ஒன்றே.