எவன் கெலிச்சான்?

சாம்பியன்ஸ் லீக் ஆட்டம் முடியும்போது நமக்கு விடிகாலை மூன்று, மூன்றரை ஆகிவிடும். அந்த நேரத்தில் மரக்காணத்தில் விழித்திருப்பவர்கள் இரண்டே வகை. கைப்பேசியை அணைத்துவிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வாசலுக்கு வரும் நாங்கள் ஒரு வகை. நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு, சோற்றுத் தூக்கோடு உப்பளத்துக்குப் போகும் பெண்கள் இன்னொரு வகை. வெயில் ஏறுவதற்குள் அவர்கள் உப்பு வாரியாக வேண்டும். போகிற போக்கில் ஏதாவது ஒரு அத்தை கேட்பார்: "மேட்சு முடிஞ்சிதாடா? எவன் கெலிச்சான்?" நாங்கள் ஒரு பெயரைச் சொல்வோம். ரியல் மாட்ரிட்டோ இன்டர் மிலானோ, அவருக்கு எல்லாம் ஒன்றுதான். "சரி, போய்ப் படு" என்று நடையைக் கட்டுவார்.

சாயங்காலம் கிழக்குக் கடற்கரைச் சாலை டீக்கடையில் கூடினால் எங்கள் வாய்க்கு ஓய்வே கிடையாது. 2019-இல் பிரீமியர் லீக்குக்குள் விஏஆர் என்கிற வீடியோ நடுவர் முறை வந்ததிலிருந்து ஆட்டமே செத்துவிட்டது என்பார் ஒருவர். கக்கத்துக்கெல்லாம் கோடு போட்டு ஆஃப்சைடு கொடுக்கிறான் என்பார் அடுத்தவர். மான்செஸ்டர் யுனைடெட்காரர்களை ஓட்டாமல் இரண்டாவது டீ வராது. கடைசியில் எல்லாப் பேச்சும் ஒரே இடத்தில் போய் நிற்கும்: டிவிக்காரன் காசுதான் ஃபுட்பாலைக் கெடுத்தது. அப்புறம் நம்மூர்ப் பத்திரிகைகளுக்கு அர்ச்சனை. கிரிக்கெட்டுக்கு ஒரு முழுப் பக்கம், கால்பந்துக்கு மூலையில் ஒரு பெட்டிச் செய்தி. நியாயமான கோபம்தான். அந்தப் பெட்டிச் செய்தியையாவது நாங்கள் படித்தோமா?

2018 பிப்ரவரியில் கட்டாக்கில் தமிழ்நாட்டுப் பெண்கள் மணிப்பூரை 2-1 என்று தோற்கடித்துத் தேசிய சாம்பியன் ஆனார்கள். அதுதான் முதல் தடவை. அந்தக் கோப்பையை மணிப்பூர் தன் வீட்டுப் பாத்திரம் மாதிரி வைத்திருந்த காலம் அது. அடுத்த ஆண்டே மதுரையின் சேது எஃப்சி இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. நாங்கள் இரண்டையும் அப்போது பார்க்கவில்லை, படிக்கவில்லை, பேசவும் இல்லை.

அதே 2018 ஜூனில் இந்திய அணியின் கேப்டன் சுனில் சேத்ரியின் வீடியோ வந்தது. மும்பையில் இந்தியா சீன தைபேயை 5-0 என்று அடித்ததைப் பார்க்க மைதானத்தில் இருந்தவர்கள் 2,569 பேர். மறுநாள் அவர் கும்பிடாத குறையாகக் கேட்டார்: திட்டுங்கள், குறை சொல்லுங்கள், ஆனால் வந்து பாருங்கள். ஐரோப்பிய கிளப்புகளின் ரசிகர்களைத் தனியாக அழைத்து, எங்கள் தரம் அந்த அளவுக்கு இல்லைதான், இருந்தாலும் வாருங்கள் என்றார். எங்களுக்குத் தொண்டை அடைத்தது. ஆளாளுக்கு ஸ்டேட்டஸில் வைத்தோம். மும்பைக்காரர்கள் அடுத்த ஆட்டத்துக்கு அரங்கை நிரப்பினார்கள். நாங்கள் அந்த ஆட்டத்தை டிவியில்கூடப் போடவில்லை. அந்த வீடியோவை அனுப்பிவிட்டதே எங்களுக்குக் கடமை முடிந்த மாதிரி இருந்தது.

தமிழ் வர்ணனை கதையும் அப்படித்தான். தமிழில் கால்பந்து காட்டினால் என்ன என்று வருஷக்கணக்காகப் புலம்பினோம். வந்தது. இரண்டு நாள் கேட்டோம், பத்து நாள் கிண்டலடித்தோம், பிறகு இங்கிலீஷுக்கு மாற்றிக்கொண்டோம். 2025 ஜூலையில் ஐஎஸ்எல் என்கிற இந்தியன் சூப்பர் லீக் சீசனையே நிறுத்திவைத்ததாகச் செய்தி வந்தது. ஆட்டக்காரர்களின் சம்பளம் என்னாகும் என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அன்று ராத்திரி எங்களுக்குள் ஓடியது மீம்தான். சென்னையின் எஃப்சி இரண்டு முறை பட்டம் வென்ற லீக் அது.

எங்களை உறுத்துவது 2023. மே மாதம் எங்கள் பக்கத்து எக்கியார்குப்பத்தில் கள்ளச்சாராயச் சாவுகள். ஊர் முழுக்க டிவி வண்டிகள். "நம்ம ஊரு பேரு செத்தாத்தான் நியூஸ்ல வரும்" என்று அதே டீக்கடையில் வயிறெரிந்து பேசினோம். ஜூன் கடைசியில் அமிர்தசரஸில் தமிழ்நாட்டுப் பெண்கள் ஹரியானாவை 2-1 என்று வென்று மறுபடியும் தேசிய சாம்பியன். ஒரு தம்பி அந்தப் போட்டோவை எங்கள் வாட்ஸப் குழுவில் போட்டான். இங்கிலாந்து ஆட்டக்காரர் டெக்லன் ரைஸை ஆர்சனல் எடுக்குமா, சிட்டி எடுக்குமா என்ற சண்டை உச்சத்தில் இருந்த நேரம். அந்தப் போட்டோவுக்கு விழுந்தது ஒரே ஒரு கட்டைவிரல். அதையும் போட்டவனின் சொந்த அண்ணன்தான் வைத்தான்.

அந்தப் பெண்கள் எங்கோ வடக்கில் பிறந்தவர்கள் இல்லை. இந்திய அணியின் நடுக்களத்தில் ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர். தமிழ்நாடு போலீசில் சப்-இன்ஸ்பெக்டர். 2020 ஊரடங்கில் சென்னையில் காக்கிச் சட்டையோடு ரோட்டில் நின்றவர். கடலூர் எங்களுக்குக் கிட்டத்தட்ட அறுபது கிலோமீட்டர்தான், புதுச்சேரியில் பஸ் மாறினால் போதும். 2004 சுனாமி எங்கள் குப்பங்களையும் கடலூர்க் குப்பங்களையும் ஒரே காலையில் அடித்தது. அங்கே அதில் பெற்றவர்களைப் பறிகொடுத்த பெண்பிள்ளைகளில் சிலருக்குப் பந்து கிடைத்தது. எங்கள் பக்கம் பந்து எங்களிடமே இருந்தது.

அந்தப் பந்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உப்பளத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பொட்டல் உண்டு. சவுக்குக் கழி நட்டு கோல் போஸ்ட் வைத்திருக்கிறோம். சாயங்காலம் நாலரைக்கு இறங்கினால் இருட்டும் வரை அது எங்களுடையது. சில வருஷத்துக்கு முன்னால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒன்று ஐந்தாறு தோழிகளோடு ஓரத்தில் வந்து நிற்கும். அம்மா அளத்து வேலை. தை மாதம் பாத்தி மிதிக்கும்போது அந்தப் பிள்ளையும் சனி ஞாயிறுகளில் கூட இறங்கும். சேறு கெட்டிப்படும் வரை வரிசையாக நின்று காலால் மிதிக்க வேண்டும், இல்லாவிட்டால் உப்பில் மண் ஏறிவிடும். அந்தக் கால்களுக்கு என்ன பலம் என்று நாங்கள் பார்த்திருக்கிறோம். ஒருநாள் வெளியே உருண்ட பந்தைத் திருப்பி அடித்தது. செருப்பில்லாத கால், உப்பு அரித்து வெடித்த குதிகால். பந்து எங்கள் கோல்கீப்பரின் தலைக்கு மேலே போனது. கைதட்டினோம், சிரித்தோம், பந்தை வாங்கிக்கொண்டோம்.

"அண்ணா, நாங்க எப்பண்ணா ஆடறது?"

"தோ, ஒரு அர மணி நேரம். முடிச்சிட்டு வுட்டுர்றோம்."

அந்த அரை மணி நேரம் ஒருநாளும் முடியவில்லை. ஒவ்வொரு முறையும் இருட்டிவிடும். நாலைந்து வாரம் வந்து பார்த்தார்கள், அப்புறம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. "பொண்ணுங்க அப்படித்தான், ரெண்டு நாளு ஆர்வம்" என்று ஒருவர் சொன்னார், மற்றவர்கள் தலையாட்டினோம். டிவிக்காரன் பெரிய கிளப்புக்கே நேரம் கொடுக்கிறான் என்று அன்றைக்கும் டீக்கடையில் திட்டியிருப்போம்.

2022 உலகக் கோப்பையில் மெஸ்ஸி ஜெயித்தபோது பஸ் நிறுத்தத்தில் பத்துக்கு எட்டில் ஃப்ளெக்ஸ் வைத்தவர்கள் நாங்கள். புதுச்சேரிக் காற்று அடிப்பதாலோ என்னவோ, பிரான்சுக்கும் ஒரு கோஷ்டி இருந்தது. அவர்களும் அழுதுகொண்டே காசு போட்டார்கள். இந்தப் பொங்கலுக்கு, காலம் கடந்துதான், அமிர்தசரஸில் ஜெயித்த நம் பெண்கள் அணிக்கு ஒன்று வைப்போம் என்று கிளம்பினோம். ஃப்ளெக்ஸ் கடைக்காரர் போட்டோவைப் பார்த்தார்.

"யாருப்பா இவங்கள்லாம்? பேரு எழுதிக் குடுங்க, போட்டுர்லாம்."

பேப்பரை வாங்கி உட்கார்ந்தோம். இந்துமதி. சந்தியா ரங்கநாதன். மூன்றாவது வரியில் பேனா நின்றது. சுற்றி நின்றவர்கள் ஏழு பேர், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். 105 மில்லியன் பவுண்டுக்குப் போன டெக்லன் ரைஸின் தாத்தா பாட்டி அயர்லாந்தில் எந்த ஊர் என்று கேட்டிருந்தால் ஏழு பேரும் ஒரே நேரத்தில் சொல்லியிருப்போம்.