குறட்டையும் இரத்தக் கொதிப்பும்

2017-இல் தொடங்கிய இந்திய உயர் இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சியில் முதற்கண் சேர்ந்த ஐந்து மாநிலங்களுள் தெலங்கானாவும் ஒன்று. அழுத்தத்தை அளக்கும் களப்பணியாளர் நோயாளியின் உறக்கத்தைப் பற்றியும் வினவுதல் வேண்டும் என்பது என் கருத்து.

உறக்கத்தில் தொண்டை அடைபட்டு மூச்சு நிற்குந்தோறும் இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. இரவில் தணிய வேண்டிய அழுத்தம் தணிவதில்லை. மூன்று மருந்துகளுக்கும் அடங்காத கொதிப்புடையோர் பலரிடம் இக்குறை காணப்படுகிறது. பெரும்பாலும் நோயாளி இதனை அறியார். உடன் உறங்குவோரையே கேட்க வேண்டும். குறட்டையை நல்லுறக்கத்தின் அடையாளமாகவன்றோ நம் இல்லங்களில் மதிக்கின்றனர்!

முகமூடி வழியே காற்றைச் செலுத்தி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் முறையை 1981-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் வெளியிட்டார். எனினும், மருந்துக்கு அடங்காத கொதிப்புடையோரிடம் நடத்தி 2013-இல் வெளிவந்த ஸ்பானிய ஆய்வில், இக்கருவியைப் பன்னிரண்டு வாரம் பயன்படுத்தியோர்க்குச் சராசரி அழுத்தம் 3.1 மி.மீ. மட்டுமே கூடுதலாக இறங்கிற்று. ஆகவே கருவி பெற்றவர் தாமாக மாத்திரையை நிறுத்துவது ஆபத்தாகும்.

உப்பைக் குறைப்பது இரு நோய்க்கும் உதவும். உடலில் மிகுந்து பகலில் கால்களில் தங்கும் நீர், படுத்ததும் கழுத்தை நோக்கி நகர்ந்து தொண்டையை நெருக்குகிறது. நாளொன்றுக்கு 5 கிராமுக்கு மேல் உப்பு வேண்டா என்று ஹைதராபாதிலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் அறிவுறுத்தியது. ஆவக்காய் ஊறுகாயில் பிரியமுள்ள இவ்வூரில் அதனை எடுத்துரைப்பது எளிதன்று.