கொலுப்படியில் நிற்பது சரக்கா?

கைவினையின் மதிப்பைப் புவிசார் குறியீட்டால் அளக்கும் ஆய்வுப்போக்கு கண்டிக்கத்தக்கது. 1999ஆம் ஆண்டுச் சட்டம் காப்பது விற்பனைச் சரக்கின் பெயரை. மைசூரு ஈட்டிமரப் பதிப்பு வேலையும் சென்னபட்டணப் பொம்மைகளும் அதன்வழிக் குறியீடு பெற்றன, நன்று. ஆனால் மைசூருப் பெற்றோர் மணமகளுக்கு அளிக்கும் ‘பட்டத கொம்பெ’ இணையை அச்சட்டகம் எவ்வாறு அளக்கும்? நம் மரப்பாச்சியின் உடன்பிறப்பான அம்மர இணை, விலைகொடுத்துப் பெற்றதாயினும், வீடு புகுந்தபின் விற்பனைக்குரியதன்று. தசராதோறும் புத்தாடை புனைந்து கொலுவில் முதன்மை பெறும். தாயிடமிருந்து மகளுக்குச் செல்லும். கைவினைஞரின் உளியும் அவ்வீட்டுப் பெண்களின் ஊசியும் சேர்ந்தே அதனை உருவாக்குகின்றன. சந்தைக் கணக்கை மட்டும் புரட்டுவோர் இவ்விரு உழைப்பில் ஒன்றை முற்றிலும் அழிக்கின்றனர். அவ்வழிப்புக்குக் ‘கைவினை ஆய்வு’ என்னும் பெயர் தகுமா?