சி.சி.யை அளக்கும் வரி, டேர்போவைச் சுமக்கும் மூன்றாவது சொந்தக்காரர்

கொழும்பிலிருந்து கண்டி வீதியில் வந்தால், வரக்காப்பொல நகரைத் தாண்டிச் சற்று நேரத்தில் அம்பேபுஸ்ஸ சந்தி வருகிறது. நேரே போனால் கேகாலை, மாவனெல்ல, கடுகண்ணாவை ஏற்றம், அதற்கப்பால் மலையகம். இடப்பக்கம் திரும்பினால் ஏ6 வீதி. அது குருநாகல், தம்புள்ள, ஹபரணை வழியாக ஏறத்தாழ 200 கிலோமீற்றர் ஓடித் திருகோணமலையில் முடிகிறது. தம்புள்ளையில் ஏ9 வீதிக்கு மாறினால் வவுனியா, கிளிநொச்சி, யாழ்ப்பாணம். வடக்கு கிழக்கிலிருந்து கொழும்புக்குப் போய்வந்த பலருக்கு வரக்காப்பொல என்பது இரவுப் பயணத்தில் தேநீர் குடித்த, தலகுலி வாங்கிய ஒரு நிறுத்தம் மட்டுமே. ஆனால் இந்த நாட்டின் வாகனக் கொள்கை வீதியில் எப்படி ஓடுகிறது என்று பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரி 1ஆம் திகதி மீண்டும் திறக்கப்பட்டது. அந்த ஆண்டில் மட்டும் ஒரு பில்லியன் டொலருக்கு மேல் வாகனங்களுக்காக வெளியே போனது. வந்திறங்கிய கார்களில் கணிசமானவற்றுக்கு ஒரே அடையாளம் இருக்கிறது: எஞ்சின் 1,000 சி.சி.க்கு உட்பட்டது, ஆனால் டேர்போ பூட்டியது. பின்கதவில் ‘டேர்போ’ என்ற எழுத்து, விளம்பரத்தில் ‘ஸ்போர்ட்ஸ்’ என்ற சொல். பந்தயக் காரின் உறுப்பு ஒன்று பாடசாலைக்குப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் காருக்குள் ஏன் வந்தது? அது யாருக்கு இலாபம்?

முதலில் விடயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாதாரண எஞ்சின் ஒன்று வெளியில் இருக்கும் காற்றை, இருக்கும் அமுக்கத்திலேயே உள்ளிழுக்கிறது. டேர்போ எஞ்சினில், புகைபோக்கியால் வீணே வெளியேறும் வெப்ப வாயு ஒரு சிறு விசையாழியைச் சுழற்றுகிறது. அது மறுமுனையில் காற்றை நெருக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. கூடுதல் காற்று, கூடுதல் எரிபொருள், ஆகவே சிறிய எஞ்சினிலிருந்து பெரிய வலு. அந்த விசையாழி நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலும். அதைத் தாங்குவது ஒயிலின் மெல்லிய படலம் மட்டுமே. இந்த ஒயில் விடயத்துக்குப் பிறகு திரும்ப வரவேண்டியிருக்கும்.

இலங்கையில் பெற்றோல் கார் மீதான உற்பத்தி வரி எஞ்சினின் கொள்ளளவை வைத்துக் கணக்கிடப்படுகிறது. 1,000, 1,300, 1,500, 1,600, 1,800, 2,000 எனப் படிகள் உண்டு. ஒவ்வொரு படியிலும் ஒரு சி.சி.க்கான தொகை உயர்கிறது. ரொயோட்டா ரெய்ஸ் என்ற காரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 1.0 டேர்போ எஞ்சின் 996 சி.சி., 98 குதிரைவலு. அதே காருக்கு ஜப்பானில் 2021 முதல் வந்த, டேர்போ இல்லாத 1.2 எஞ்சின் 87 குதிரைவலு மட்டுமே. வலுக் குறைந்த கார் 1,000 சி.சி. படியைத் தாண்டிவிடுவதால் கூடிய வரி. வலுக் கூடிய கார் நான்கு சி.சி. இடைவெளியில் தப்பிவிடுகிறது. 2017, 2018இல் கொழும்பு வீதிகளை நிறைத்த ஹொண்டா சிவிக் 1.0 டேர்போவும் இதே கதைதான். 988 சி.சி.யில் ஏறத்தாழ 129 குதிரைவலு, அதாவது முந்தைய 1.8 எஞ்சின் தந்ததற்குக் கொஞ்சம் கீழே.

அளவுகோல் எஞ்சினை உருவாக்குவது இலங்கையின் கண்டுபிடிப்பல்ல. ஜப்பானில் வருடாந்த மோட்டார் வரியும் சி.சி. படிகளில்தான். அங்கே சிறுரகக் கார்களுக்கு 1990 முதல் 660 சி.சி. எல்லை. சிறுரக எல்லைக்குள் எவ்வளவு வலுவைப் பிழியலாம் என்ற போட்டியில், அந்த 660க்கு முன்பே, 1987இலேயே சுசுகி அல்டோ வேர்க்ஸ் 64 குதிரைவலுவைத் தொட்டது; பிறகு அந்த 64ஐயே உச்சமாக வைத்துக்கொள்வதென்று உற்பத்தியாளர்கள் தங்களுக்குள் இணங்கினார்கள். ஐரோப்பாவில் காரின் கரியமில வாயு வெளியேற்றத்துக்குச் சராசரி எல்லை வந்தது, 2015இல் கிலோமீற்றருக்கு 130 கிராம். அதே 2015இல்தான் போர்ஷே தன் 911 கரேராவின் சாதாரண எஞ்சினைக் கைவிட்டு இரட்டை டேர்போவுக்குப் போனது. ஃபெராரி 458இன் இடத்துக்கு டேர்போ பூட்டிய 488 வந்தது. ஆய்வுகூடச் சோதனையில் காரை மெதுவாக ஓட்டுவார்கள். டேர்போ உறங்கிக்கொண்டிருக்கும், எரிபொருள் மிச்சமாகும். உண்மையான வீதியில் காலை அழுத்தினால் கணக்கு மாறிவிடும். இந்த இடைவெளி பெரிதாகிப் போனதால்தான் 2017 முதல் ஐரோப்பா தன் சோதனை முறையையே மாற்றவேண்டி வந்தது.

ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்களின் வாதம் எனக்கும் பிடிக்கும், மறைக்கவில்லை. மிதித்த மிதிக்கு உடனே எழும் எஞ்சின், சுற்று ஏற ஏற மாறும் ஓசை, இவற்றை டேர்போ மழுங்கடிக்கிறது என்பது உண்மை. மஸ்தா ரோட்ஸ்டர் இன்றும் டேர்போ இல்லாமல் வருவதற்கும், போர்ஷே தன் ஜி.டி.3 ரகத்தில் பழைய முறையை விடாமல் வைத்திருப்பதற்கும் காரணம் அதுதான். ஆனால் எமது வீதிகளில் நகரப்பகுதிக்கு வேக எல்லை 50, வெளியே 70. பத்து மணிக்கு வரக்காப்பொல நகரத்துக்குள் பஸ்ஸுக்கும் லொறிக்கும் பின்னால் முதலாம் கியரில் நகரும்போது எல்லா எஞ்சினும் ஒன்றுதான். அன்றாட ஓட்டத்தில் பார்க்கவேண்டியது உச்ச வலுவை அல்ல, சுமையோடு ஏற்றத்தில் எவ்வளவு கீழ்ச்சுற்றில் இழுக்கிறது என்பதை.

அங்கே டேர்போவின் பக்கம் வலுவான நியாயம் இருக்கிறது. இந்தப் பகுதித் தோட்டங்களுக்கும் வன்னிக்கும் ஓடும் சிறிய வான்களில் அதிகம் காணப்படும் சுசுகி எவ்ரி ஒரு நல்ல உதாரணம். டேர்போ இல்லாத 660 சி.சி. எஞ்சின் 49 குதிரைவலு, முறுக்குவிசை ஏறத்தாழ 62 நியூட்டன் மீற்றர். டேர்போ பூட்டியது 64 குதிரைவலு, 95 நியூட்டன் மீற்றர். அதுவும் கீழ்ச்சுற்றிலேயே. ஐந்து பேரும் இரண்டு மூட்டையுமாக கடுகண்ணாவையில் ஏறும்போது முதலாவது வான் அலறும், பின்னால் வாகன வரிசை சேரும்; இரண்டாவது சிரமமின்றிப் போய்விடும். உயரம் கூடக் கூட வித்தியாசம் இன்னும் பெரிதாகும். ஆயிரம் மீற்றருக்குச் சாதாரண எஞ்சின் ஏறத்தாழ பத்து வீதம் வலுவை இழக்கிறது. நுவரெலியா 1,868 மீற்றர். டேர்போ அந்த மெல்லிய காற்றை நெருக்கிச் சரிக்கட்டிவிடும். கேகாலை மாவட்டத்தின் இறப்பர், தேயிலைத் தோட்டங்களிலிருந்து நோயாளியை இரவில் வைத்தியசாலைக்கு ஏற்றிப்போகும் சாரதிக்கு இது ஆடம்பரமல்ல.

இடப்பக்கம் திரும்பும் வீதியில் கணக்கு வேறு. குருநாகலுக்கு அப்பால் பெரும்பாலும் சமதரை. பிரச்சினை வெப்பம். வெளியே 35 பாகை இருக்கும்போது நெருக்கப்பட்ட காற்று இன்னும் சூடாகும். எஞ்சினின் கணினி பாதுகாப்புக்காக வலுவைத் தானே குறைத்துக்கொள்ளும். பெற்றோல் தரமும் சேர்கிறது. ஜப்பானின் சாதாரண பெற்றோல் 90 ஒக்டேன் அளவுதான், ஆகவே அங்கிருந்து வரும் சிறு டேர்போக்களுக்கு எமது 92 போதும். ஐரோப்பிய சிறு டேர்போக்கள் பொதுவாக 95 கேட்பவை. வாங்கும்போது இதை யாரும் சொல்வதில்லை.

இந்த இரண்டு வீதிகளும் ஒரே குடும்பத்துக்குள் ஓடுவது பலருக்குத் தெரியாது. 1977, 1983 வன்முறைகளுக்குப் பிறகு மலையகத்திலிருந்தும் சப்ரகமுவத் தோட்டங்களிலிருந்தும் வெளியேறியவர்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறினார்கள்; பிறகு போரின் நடுவில் அகப்பட்டார்கள். இன்றும் கிளிநொச்சியில் ஒரு பாதி, யட்டியாந்தோட்டையிலோ தெரணியகலையிலோ மறுபாதி என்று வாழும் குடும்பங்கள் உண்டு. சாவுக்கும் சாமத்தியவீட்டுக்கும் வாடகை வான் பிடித்து அம்பேபுஸ்ஸ சந்தியால் திரும்புகிறார்கள். அப்படி வரும் வான், சமதரையில் நான்கு மணிநேரம் வெப்பத்தில் ஓடிவிட்டு அதே நாளில் தோட்டத்து ஏற்றத்திலும் ஏறவேண்டும்.

அத்தகைய வான் ஒன்றின் சாரதியை வரக்காப்பொலவில் ஒரு கராஜில் சந்தித்தேன். லீசிங்கில் எடுத்த 660 சி.சி. டேர்போ வான், அவர் மூன்றாவது சொந்தக்காரர். புகைபோக்கியில் நீலப்புகை. டேர்போவின் சீல் போய் ஒயில் எரிந்துகொண்டிருந்தது. “தம்பி, டேர்போ எண்டா நல்ல சாமான் எண்டுதான் சொல்லித் தந்தவங்கள்” என்றார். அதற்குமுன் எத்தனை கிலோமீற்றருக்கு ஒருமுறை ஒயில் மாற்றப்பட்டது என்று காட்ட அவரிடம் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. சிறுரக டேர்போ எஞ்சின்களுக்கு 5,000 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம் என்று உற்பத்தியாளரே சொல்கிறார். டேர்போ இல்லாததுக்கு அதைவிட நீண்ட அவகாசம். முதல் சொந்தக்காரர் அந்த 5,000ஐ 10,000 ஆக்கினாலும் அவர் கையில் வான் நன்றாகவே ஓடியிருக்கும். வேகமாக ஓடிவந்து உடனே எஞ்சினை நிறுத்தும் பழக்கமும் அப்படித்தான். சூடான விசையாழியில் தங்கும் ஒயில் கருகிப் படியும், ஆனால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. விளைவு வருவது வான் கைமாறிய பிறகு. திருத்துகிறவர் சொன்ன தொகை அவருடைய இரண்டு மாத லீசிங் தவணையைத் தாண்டியது.

என் கவலை இங்கேதான். வரிச் சலுகையின் பலன் கொழும்பில் புது வாகனம் வாங்கும் முதல் ஆளுக்குப் போகிறது. அந்தச் சலுகைக்காகவே வாகனத்துக்குள் புகுத்தப்பட்ட நுட்பமான உறுப்பின் செலவு, எட்டுப் பத்து ஆண்டுகள் கழித்து, உதிரிப்பாகம் கிடைக்காத ஊரில், கடனில் வாங்கியவரிடம் வந்து சேர்கிறது. இறக்குமதி நிறுத்தப்பட்ட ஐந்து ஆண்டுகளில் பழைய வாகனங்கள் வாங்கிய விலையைவிடக் கூடுதலாகக் கைமாறியதால் அந்தக் கடனும் பெருத்துப் போயிருக்கிறது.

யாழ்ப்பாணத்துக்கு இன்னொரு அனுபவம் உண்டு. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாமல் போனபோது, ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சம் பெற்றோலைக் காபரேற்றருக்குள் சொட்டவிட்டு எஞ்சினை எழுப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். என் வயதுக்காரர்களுக்கு அந்தப் புகை மணம் மறக்காது. அது சாத்தியமானதற்கு மெக்கானிக்குகளின் கெட்டித்தனம் ஒரு காரணம்; அமுக்க விகிதம் குறைந்த, காபரேற்றர் பூட்டிய, டேர்போ அற்ற எஞ்சின் என்பது மறு காரணம். இன்றைய நேரடி உட்செலுத்தல் டேர்போவுக்குள் அப்படி ஒன்றை ஊற்றினால் சில நிமிடத்தில் கதை முடியும். மறுபடி அந்தக் காலம் வரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 2022 ஜூலையில் கியூ.ஆர். குறியீட்டோடு காருக்கு வாரம் 20 லீற்றர் என்று நின்றதை இந்த நாடே பார்த்தது. நெருக்கடியில் எந்த உறுப்பைக் கையால் திருத்தலாம் என்ற கேள்வியை நாங்கள் மற்றவர்களைவிட முன்னதாகவே கேட்கப் பழகியவர்கள்.

சி.சி. அளவுகோலுக்கு ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. விலைச்சிட்டையைக் குறைத்துக் காட்டலாம், சிலிண்டரின் கொள்ளளவை அப்படிக் காட்டுவது கடினம். ஆனால் மின்சாரக் கார்களுக்கு இதே அரசு மோட்டாரின் வலுவை, கிலோவாற்றில், அளந்துதான் வரி போடுகிறது. 2025இல் பி.வை.டி. கார்கள் சிலவற்றைச் சுங்கத் திணைக்களம் தடுத்துவைத்ததும் அதனால்தான். 100 கிலோவாற்று என்று அறிவிக்கப்பட்ட மோட்டார் உண்மையில் அதைவிட வலுவானதா என்ற சந்தேகம் நீதிமன்றம் வரை போனது. வலுவை அளப்பதிலும் தகராறு வரும் என்பதை அது காட்டியது. ஆனால் அளக்கமுடியாது என்ற சாட்டை அது எடுத்துவிட்டது. பெற்றோல் காருக்கும் கிலோவாற்றே அளவென்றால், 98 குதிரைவலு டேர்போ 72 கிலோவாற்று, 87 குதிரைவலு சாதாரண எஞ்சின் 64. வரி தலைகீழாகும். எந்த எஞ்சின் தன் வீதிக்குப் பொருந்தும் என்று வாங்குகிறவரே தீர்மானிக்கலாம்.

அது நடக்கும்வரை கைமாறும் வாகனத்தை வாங்குகிறவர்களுக்கு என்னால் சொல்லக்கூடியது கராஜில் கேட்டறிந்தவைதான். மலையில் அடிக்கடி சுமை ஏற்றமாட்டீர்கள் என்றால் டேர்போ இல்லாததைத் தேடுங்கள். டேர்போவைத்தான் எடுக்கவேண்டும் என்றால், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போய் நீங்களே திறப்பைப் போட்டு எழுப்புங்கள். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் காரணம் கேளுங்கள். ஒயில் கம்பியை இழுத்து நிறத்தையும் அளவையும் பாருங்கள். இறக்கத்தில் காலை எடுத்து மறுபடி மிதிக்கும்போது பின்னால் நீலப்புகை எழுகிறதா என்று பார்க்க ஒருவரைக் கூட்டிப்போங்கள். ஒயில் மாற்றிய பற்றுச்சீட்டுகள் இல்லாத டேர்போவுக்கு, டேர்போ மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். அதற்குப் பெரும்பாலான விற்பனையாளர்கள் சம்மதிக்கமாட்டார்கள்.