பலாலி ஓடுபாதையும் வலிகாமத்துக் காணிகளும்

யாழ்ப்பாணத்துக்கு வாய்த்திருக்கும் சர்வதேச விமானநிலையம் எவரும் புதிதாக ஈந்த கொடையன்று. இரண்டாவது உலக யுத்த காலத்தில் பிரித்தானிய விமானப்படை அமைத்த பலாலித் தளத்தில், 1947 டிசம்பர் 10ஆம் திகதி இரத்மலானையிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட எயர் சிலோனின் முதலாவது விமானமே இறங்கிச் சென்றது. பின்னர் உள்நாட்டு யுத்தம் பறித்த அந்த உரிமை 2019 ஒக்டோபர் 17ஆம் திகதி மீண்டது. கொள்ளைநோய்க் காலத்தில் மறுபடி நின்று, 2022 டிசம்பரில் திரும்பவும் தொடங்கிற்று. இன்று சென்னையோடு திருச்சிராப்பள்ளிக்கும் விமானம் பறக்கிறது.

ஆயினும் பறப்பவை எழுபது, எண்பது பேரை மாத்திரம் ஏற்றவல்ல சிறு விமானங்களே. பெரிய ஜெட் விமானம் இறங்குவதற்கு ஓடுபாதை போதாமையால், இலண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் தாய்மண் காண வருவோர் கட்டுநாயக்கவில் இறங்கி, இரவு முழுவதும் வாகனத்தில் குலுங்கியே ஊர் சேர வேண்டியிருக்கிறது. பிரயாணிகளே அரிதான மத்தளவில் 3,500 மீற்றர் ஓடுபாதையை 2013இல் திறந்துவைத்த தேசத்துக்கு, பிரயாணிகள் காத்திருக்கும் பலாலியில் அதை நீட்டுவது மட்டும் பாரமாகத் தோன்றுவது விநோதமே. ஓடுபாதை விஸ்தரிக்கப்படவேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை.

ஆனால் விஸ்தரிப்பு என்ற பேச்சு எழுந்தமாத்திரத்தில் பலாலியைச் சூழ்ந்த வலிகாமம் வடக்கு மக்களின் நெஞ்சு திடுக்கிடுகிறதே, அது அபிவிருத்தியின்மேல் கொண்ட வெறுப்பினால் அன்று. துலா மிதித்து நீர் இறைத்து, வெங்காயமும் புகையிலையும் வாழையும் விளைவித்த செம்மண்ணை 1990இல் விட்டு ஓடியவர்கள் அவர்கள். காணி உறுதியைப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டு, உறவினர் வீடுகளிலும் நலன்புரி முகாம்களிலும் ஒரு தலைமுறைக் காலத்தைக் கழித்தவர்கள். அவர்களுடைய 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிப்பதற்கு 2013இல் அறிவித்தல் ஒட்டப்பட்டது. படையினர் வசமிருந்த காணிகள் 2015 முதல் அங்குமிங்குமாக விடுவிக்கப்பட்டது மெய்யே. எஞ்சியவற்றைக் கேட்கும்போதெல்லாம் விமானநிலையத்தையே காரணமாகக் காட்டுவதைத்தான் நாம் ஆட்சேபிக்கிறோம்.

கணக்கைச் சற்றே பார்ப்போம். மூன்று கிலோமீற்றர் நீளமும், பாதுகாப்பு ஒதுக்கத்தோடு முந்நூறு மீற்றர் அகலமும் கொண்ட தரை ஏறத்தாழ 222 ஏக்கர். விமானத் தரிப்பிடம், பயணிகள் மண்டபம், பாதைகள் யாவற்றுக்குமாக அதை இரட்டித்தாலும் ஐந்நூறு ஏக்கரை எட்டாது. தேவை நூற்றுக்கணக்கில் இருக்க, வேலியை ஆயிரக்கணக்கில் போட்ட நியாயத்தை எந்தப் பொறியியலாளர் வகுத்தார்?

விமானப்படை முகாம் அருகே இருப்பதால் சுற்றாடல் வெறுமையாய் இருத்தல் அவசியம் என்ற வாதமும் நிற்கமாட்டாது. கட்டுநாயக்கவிலும் இரத்மலானையிலும் விமானப்படை இருந்தே வருகிறது. அதன் பொருட்டு அங்குள்ள ஊர்கள் பல்லாண்டு காலம் ஆளற்றுக் கிடந்ததில்லை.

ஆகவே, ஓடுபாதைக்கு முதல் பாரம் கல் பறிக்கப்படுமுன், தேவையான நிலத்தைத் துண்டு துண்டாகக் குறித்த அளவைப் படமொன்று தெல்லிப்பழைப் பிரதேச செயலகத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுதல் வேண்டும். அந்தக் கோட்டுக்குள் அகப்பட்ட காணிக்கு இன்றைய விலைப்படி நட்டஈட்டை முன்கூட்டியே கொடுத்துவிட்டு, கோட்டுக்கு வெளியே உள்ளதை உறுதிக்காரரிடம் அதே வருஷத்தில் ஒப்படைக்கவேண்டும்.