ஏணி சொன்ன கணக்கு

திருவிழாவுக்குத் தோரணம் கட்டிய மாலையில், பத்தாம் வகுப்பு படிக்கும் மகளுடன் ஒரு தகப்பனார் நம்மிடம் வந்தார். "கணக்கு இவளுக்கு ஏறலீங்க சாமி. பரீட்சையே வேண்டாங்கிறா. திருப்பூர் பனியன் கம்பெனிக்கு அனுப்பிப்போடலாம்னு பார்க்கறனுங்க" என்றார். பிள்ளை தலை நிமிரவில்லை.

நோட்டைப் புரட்டினோம். முக்கோணவியல் முற்றொருமைகளைப் பக்கம் பக்கமாக எழுதி உருப்போட்டிருக்கிறாள், பொருள்தான் தெரியவில்லை. குருமடத்தில் நாமும் இலத்தீன் வாய்பாடுகளை இப்படித்தான் விழுங்கினோம். ஆகவே கடிந்துகொள்ள நமக்கு வாய் வரவில்லை.

கோவில் சுவரில் 5 மீட்டர் ஏணி ஒன்று சாத்தியிருந்தது. அதன் அடி சுவரிலிருந்து 3 மீட்டர் தள்ளியிருந்தால் நுனி 4 மீட்டர் உயரத்தைத் தொடும். உயரத்தை ஏணியின் நீளத்தால் வகுத்தால் தரைக்கோணத்தின் சைன், 4/5. தரைத் தூரத்தை வகுத்தால் கொசைன், 3/5. இரண்டின் வர்க்கங்களையும் கூட்டச் சொன்னோம். 16/25, 9/25; ஆக 1. இனி அடியை 1.4 மீட்டருக்கு நகர்த்தினால் நுனி 4.8 மீட்டருக்கு ஏறும். சைன் 0.96, கொசைன் 0.28. வர்க்கங்கள் 0.9216, 0.0784. மறுபடியும் 1!

"கோணம் மாறிப்போச்சு, ஏணி மாறலீங்களே சாமி" என்றாள் பிள்ளை. அதுவேதான்! பித்தகோரஸ் தேற்றத்தை ஏணி நீளத்தின் வர்க்கத்தால் வகுத்ததே இந்த முற்றொருமை. சைனும் கொசைனும் சமம் என்பது குறுங்கோணங்களுள் 45 பாகைக்கு மட்டுமே பொருந்தும் சமன்பாடு. முற்றொருமையோ எந்தக் கோணத்துக்கும் பொருந்தும். அதே தேற்றத்தைத் தரைத் தூரத்தின் வர்க்கத்தால் வகுத்தால், டேன்ஜென்டின் வர்க்கத்தோடு 1 கூட்டினால் சீகென்டின் வர்க்கம் என்பது கிடைக்கிறது. ஏணி செங்குத்தாய் நின்றால் தரைத் தூரம் பூஜ்யம். அப்போது மட்டும் வகுக்க இயலாது.

"இதனால என்னங்க பிரயோஜனம்?" என்றார் தகப்பனார். நியாயமான கேள்வி. 1802 ஏப்ரல் 10-ஆம் நாள் பரங்கிமலை அருகே லாம்டன் என்ற ஆங்கிலேயர் சுமார் 12 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு கோட்டைச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். முக்கோணத்தின் ஒரு பக்கமும் கோணங்களும் தெரிந்தால் மற்றப் பக்கங்களைக் கணக்கிட்டுவிடலாம். அவ்வாறே முக்கோணத்தோடு முக்கோணம் தொடுத்து நாட்டையே அளந்தனர். அவருடைய அளவீட்டு நிலையங்களுள் நம் கோவைப் பகுதியின் பச்சாபாளையமும் ஒன்று.

"பரீட்சை முடியட்டுமுங்க, பாத்துக்கலாம்" என்றார் அவர்.

உயரத்தால் வகுத்தால் என்ன வரும் என்பதை மகளிடமே விட்டிருந்தோம். ஞாயிறு பூசை முடிந்ததும் நோட்டோடு நின்றாள். ஓரிடத்தில் வர்க்கக் குறி விட்டுப்போயிருந்தது, விடை சரியே.